செல்லக்குட்டி காலமானது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் மேலான பார்வைக்கு,

பெண்ணைப் பெற்று, வளர்த்து, தங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து கொஞ்சம் குனிந்தே நிற்கும் தங்கள் சம்பந்தி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும், சம்பந்தியம்மாளும், தங்கள் முழங்கால்கள் இரண்டும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாட நினைப்பு. இங்கு நானும் என் மனைவியும் நலம் என்று எழுதுவது முறை. வேலையில் இருந்த காலமெல்லாம் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம், ஆவன செய்யப்படும்" என்று பதில் எழுதியே தேய்ந்த கை இது. முறையை மீற அதற்குத் தெரியாது. ஆகவே நலம். உண்மை நிலவரம் பின்வருமாறு.

இந்தக் கடிதத்தை நான் மாப்பிள்ளைக்கே எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாமனார் மாப்பிள்ளையிடம் என்ன பேச முடியும் என்பது தாங்கள் அறியாததல்ல. "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை." இந்த மூன்று வாக்கியங்களுக்குமேல் எனக்கு அனுமதி இல்லை. நான்காவதற்கு வாயைத் திறந்தால் என் மனைவி சமையலறையிலிருந்தபடியே கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். தங்களுக்கு அப்படி ஒரு தொல்லையும் கிடையாது. பெற்ற தகப்பன். வீட்டுக்கு வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு, காதைப் பிடித்து ஒரு திருகு திருகலாம். அதை என் சார்பில் செய்துதர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். போனில் எழுதாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம், என் போனில் எது எழுதினாலும் அது எப்படியோ எல்லோருக்கும் போய்விடுகிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தங்கள் புதல்வர் எங்கள் தெருவில் "திருப்பிக் கொடுக்கும் சுற்றுலா" தொடங்கியதும், முதல் பேட்சிலேயே தாங்கள் வந்து மரக்கன்று நட்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னால் நடந்த கூட்டத்தைத் தாங்கள் பார்க்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மாவு மூட்டைகளை ஓரம் தள்ளி இடம் கொடுத்தார். என் மனைவியின் வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டி, மாப்பிள்ளை அதில் படம் காட்டினார். "இதுவரைக்கும் ஊர் சுத்த வர்றவங்க உங்ககிட்டேருந்து எடுத்துட்டுத்தான் போனாங்க. குப்பையத்தான் விட்டுட்டுப் போனாங்க. இனிமே குடுத்துட்டுப் போவாங்க. உங்க தெருவுக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். சம்பந்தி, பொய் சொல்ல மாட்டேன், முதலில் கை தட்டியவன் நான்தான். உனக்கு என்ன வேண்டும் என்று எங்கள் தெருவை அதுவரை ஒரு ஜீவன் கேட்டதில்லை. சாக்கடைக்கு மூடி வேண்டும் என்றார் ரொட்டிக்கடைக்காரர். கீழ்த்தெருவுக்கு இறங்கும் படிக்கட்டுக்குக் கைப்பிடி வேண்டும் என்றார்கள் சிலர். குழாயில் காலைத் தண்ணீர் இன்னும் சற்று நேரம் வந்தால் தேவலை என்றார் என் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா. மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒருநாள் வந்து, "சாக்கடை மூடி சரிப்படாது மாமா. வர்றவங்களுக்கு மனசுல ஒரு நிறைவு வரணும். சாக்கடை மூடியக் கட்டிப்பிடிச்சு யாராவது போட்டோ எடுத்துப்பாங்களா?" என்றார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை என்றேன். அந்தச் சாக்கடை இன்றுவரை திறந்துதான் கிடக்கிறது. இடையில் ஒரு விருந்தாளி படம் எடுத்தபடியே பின்னால் நகர்ந்து அதற்குள் விழுந்ததால், அடுத்த பேட்சை விட்டு அதன் ஓரத்தில் "கவனம், சாக்கடை" என்று பூவெல்லாம் வரைந்து ஒரு பலகை எழுதிவைத்தார்கள். பலகை நிஜமாகவே அழகு. அதைப் படம் எடுக்கப் பின்னால் நகர்பவர்கள் இப்போது விழுகிறார்கள்.

ஆகக் கடைசியில் செடி நடுவது என்று முடிவாயிற்று. முதல் பேட்ச் வந்தது. தொப்பி, கையுறை, மண்வெட்டி எல்லாம் கொண்டுவந்தார்கள். மண்ணைத்தான் எங்களிடம் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் படுக்கையறைக்கு "உள்ளூர் வாழ்க்கை அறை" என்று பெயர் மாறியது. நான் சமையலறையில் காஸ் சிலிண்டருக்குத் துணையாகப் பாய் விரித்துக்கொண்டேன். எங்கள் கட்டிலில் உருண்டு எழுந்த ஒருவர் காலையில் காப்பிக்கு வந்து என்னைப் பார்த்து, "எவ்வளவு எளிமையா வாழறீங்க! தரையில படுக்கற சுகமே தனி!" என்றார். கட்டிலில் அவர் இருந்ததால்தான் நான் தரையில் இருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. கரண்டிச் சத்தமும் வந்தது. தெருக்கோடிப் பொட்டலில், தையல்கார அம்மா துணி உலர்த்தும் இடத்தில் குழி வெட்டினார்கள். தாங்கள் தங்கள் செடிக்குக் காலஞ்சென்ற தங்கள் தகப்பனார் பெயரை வைத்து, கண் கலங்கி, என் தோளில் கையைப் போட்டு, "அப்பாவை உங்க கையில ஒப்படைக்கிறேன் சம்பந்தி" என்று சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்க முடியாமல்தான் இப்படி அவதிப்படுகிறேன். செடிகள் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வந்திருந்தன. பையைக் கிழித்துவிட்டு நட வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் தங்கள் புதல்வர். அவரோ அந்த நேரம் பார்த்து ஏணியில் ஏறி எல்லோரையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பையோடு இறக்கினார்கள். தாங்களும்தான், குற்றமாகச் சொல்லவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோப்பு தவிர எதையும் வளர்த்தறியாதவன், இப்போதெல்லாம் இப்படித்தான் நடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரே ஒரு டீச்சரம்மா, ஓய்வு பெற்றவர், தனியாக வந்தவர், அவர் மட்டும் பையைப் பல்லால் கடித்துக் கிழித்து, வாயில் ஒட்டிய மண்ணைத் துப்பிவிட்டு, வேரைக் கையால் நீவிவிட்டு இறக்கினார். அதற்குச் செல்லக்குட்டி என்று பெயர் வைத்தார். மற்றவர்கள் அந்த அம்மாளை ஒருமாதிரி பார்த்தார்கள்.

நட்டவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் அடுத்த கூத்து. செடிக்குக் கடிதம் எழுதலாம், செடி பதில் எழுதும் என்று மாப்பிள்ளை எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். செடிக்கு எழுத்து தெரியாதே, ஆகவே அந்த உத்தியோகம் எனக்கு. "நீங்க லைஃப் பூரா பதில் எழுதினவர் மாமா, உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு" என்றார். மகள் நட்டவர்கள் எல்லோருடைய முகவரியையும் என் போனில் ஏற்றிக் கொடுத்து, "அனைவருக்கும்" என்று ஒரு பொத்தானையும் காட்டினாள். எழுதினேன். "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்கள் நாய்க்கு உடல் தேறியது அறிந்து மகிழ்ச்சி. புதிய இலை விடுவது பரிசீலனையில் உள்ளது. விரைவில் ஆவன செய்யப்படும். இப்படிக்கு, மரக்கன்று." மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, செடி இப்படிப் பேசாது மாமா." "வேற எப்படிப் பேசும் மாப்பிள்ளை?" என்றேன், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். அவர் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பினார். "காற்று வந்து என் காதில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறது" என்று இருந்தது. செடிக்குக் காது எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அப்படியே எழுதினேன். ஆண்டவனே, என்ன வரவேற்பு! பக்கம் பக்கமாக வந்தது. உனக்குக் குளிருகிறதா, உன் பக்கத்தில் இருப்பது யார், உனக்குத் தனிமையாக இருக்கிறதா என்று குச்சி குச்சியாகக் கேட்டு எழுதினார்கள். நானும் ஒரு மகளைப் பெற்றவன். அவளும் வாரம் தவறாமல் கூப்பிடுவாள். "எல்லாரும் எப்படிப்பா இருக்காங்க?" என்பாள். "அம்மாவுக்கு இருமல் இன்னும் விடலம்மா, எனக்கு இந்தத் தரையில படுத்து இடுப்பு..." என்று ஆரம்பித்தால், "அது இல்லப்பா, செடிங்க எல்லாம் எப்படி இருக்கு?" என்பாள். அவளைத் தங்கள் வீட்டுக்குத்தான் கொடுத்தோம், செடிகளுக்குக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

வெயில் காலம் வந்தது. எங்கள் தெருக் குழாய் காலையில் சற்று நேரம் நன்றாக வரும், பிற்பகலில் மூக்குச் சிந்துகிற மாதிரி கொஞ்சம் வரும், அவ்வளவுதான். மாப்பிள்ளை குழாய் ஆபீசில் யாரையோ பிடித்துப் பேசி, காலைத் தண்ணீர் மொத்தத்தையும் கறுப்பு ரப்பர் குழாய் வழியாகப் பொட்டலுக்குத் திருப்பிவிட்டார். கேட்டால், "வெயில் ஏறினா செடி தாங்காது மாமா, மனுஷங்க தாங்குவாங்க" என்றார். தாங்கினோம். ரொட்டிக்கடைக்காரருக்கு மாவு பிசைய விடியற்காலையில் தண்ணீர் வேண்டும். பிற்பகலில் பிசைந்து யாருக்கு ரொட்டி போடுவார்? தையல்கார அம்மாவின் வீட்டுக்காரர் மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவரைத் துடைத்து, துணி மாற்றிவிட்டுத்தான் அந்த அம்மா மிஷினில் உட்கார முடியும். காலைத் தண்ணீர் நின்றதும், கீழ்த்தெருவிலிருந்து கைப்பிடி இல்லாத படிக்கட்டில் குடம் தூக்கி ஏற ஆரம்பித்தார். ஒருநாள் வழுக்கி, குடமும் உடைந்து, முழங்கையும் சிராய்த்துவிட்டது. அன்றைக்கு நான் பொட்டலில் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா நேரே என்னிடம் வந்தார்.

"ஏன் சார், உங்க மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்றேம்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

ஆவன செய்யப்படும் என்று வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

"இந்தக் குச்சி ஒவ்வொண்ணையும், நல்லா இருக்கியா, குளிருதான்னு எங்கேயோ இருந்து ஆளுங்க கேக்கறாங்களாமே. என் வீட்டுக்காரர் படுத்து எத்தனை மாசமாச்சு? இந்தத் தெருவுல யாராவது வந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க கேட்டீங்களா சார், பக்கத்து வீடு நீங்க?"

சம்பந்தி, நான் கேட்கவில்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற மனுஷனைக் கேட்கவில்லை. செடிக்குக் குளிருகிறதா என்று கேட்டவர்களுக்கு மட்டும் தவறாமல் பதில் எழுதினேன். "மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மிஷினைச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டு வாசலில் வைத்துவிட்டார். காலி வீட்டை விருந்தாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று மாப்பிள்ளை அதற்குள் அளவெடுத்தும் போய்விட்டார். திருப்பிக் கொடுப்பதற்கு ஆள் வேண்டாமா, எல்லோரும் காலி செய்துகொண்டு போய்விட்டால் இவர்கள் யாருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. அது எத்தனையாவது வாக்கியமோ தெரியாது.

சரி, இவ்வளவு தண்ணீர் குடித்ததே, செடியாவது வளர்ந்ததா என்றால், அதுவும் கிடையாது. ஒவ்வொன்றாகக் காய்ந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பைக்குள் வேர் சுருண்டு சுருண்டு, நகர வழியில்லாமல் செத்திருந்தது. தங்கள் தகப்பனார் ஆரம்பத்திலேயே போய்விட்டார், சம்பந்தி. மன்னிக்க வேண்டும். அதன் பிறகும் தங்களுக்கு மாதாமாதம் "நான் நலம், நிழல் கொடுக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்" என்று வந்ததெல்லாம் நான் எழுதியதுதான். பையைக் கிழித்து நட்ட செல்லக்குட்டி மட்டும் பச்சையாக நின்றது. அதையே எட்டுத் திசையிலிருந்தும் படம் எடுத்து எல்லோருக்கும் அவரவர் செடி என்று அனுப்பிவந்தேன். ஒரே வீட்டு ஓரகத்திகள் இருவர் தங்கள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டிலும் பின்னால் கைப்பிடி உடைந்த அதே சிவப்பு வாளி தெரிகிறதே என்று கேட்டார்கள். வாளி பொது என்று பதில் எழுதினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

கடைசியில் செல்லக்குட்டியும் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாயிற்று. படம் எடுக்கக்கூட ஒரு பச்சை இல்லை. தையல்கார அம்மாவின் சாக்கு மூட்டையை வேறு தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு எங்கிருந்து அந்த ஆவேசம் வந்தது என்று தெரியவில்லை, உட்கார்ந்து டீச்சரம்மாவுக்கு எழுதினேன். "தங்கள் செல்லக்குட்டி காலமானதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இறுதிவரை தண்ணீர் குறைவின்றி ஊற்றப்பட்டது. அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போயிருந்தால் தெருவாவது பிழைத்திருக்கும் என்பதையும் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். இப்படிக்கு, செல்லக்குட்டி." செத்தது எப்படிக் கையெழுத்துப் போடும் என்று அப்போது தோன்றவில்லை. அதோடு விட்டேனா? புகார்ப் பிரிவில் எந்தக் கடிதமானாலும் அடியில் "நகல்: சம்பந்தப்பட்ட அனைவருக்கும்" என்று போடாமல் அனுப்பியதே இல்லை. கை தானாக அதைப் போட்டு, "அனைவருக்கும்" பொத்தானையும் அழுத்தியது. போனும் சொன்னதைச் செய்தது. செடி நட்ட அத்தனை பேருக்கும் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. செல்லக்குட்டி என்பதைக் கொஞ்சல் என்று நினைத்து, எல்லோரும் தத்தம் செடிதான் செத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அது ஒருவகையில் சரியாகத்தான் இருந்தது. தாங்களும் அதைப் படித்துவிட்டு "அப்பா போயிட்டாரு" என்று சோபாவில் சாய்ந்ததாகவும், அவர் போய் எவ்வளவு காலமாச்சு, இப்ப என்ன புதுசா என்று சம்பந்தியம்மாள் கேட்டதாகவும் மகள் சொன்னாள். தங்கள் வீட்டில் ஒரே துக்கத்தை இரண்டு தடவை வரவழைத்த பாவத்துக்கு நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது?

மாப்பிள்ளை தொலைந்தேன் என்று கத்துவார், திட்டம் இழுத்து மூடப்படும், காலைத் தண்ணீர் திரும்பும், இதோடு ஒழிந்தது என்று காத்திருந்தேன். போன் வந்தது. "மாமா! நீங்க ஜீனியஸ் மாமா!" என்றார். போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "அழறாங்க மாமா! எல்லாரும் அழறாங்க! மரம் நல்லா இருக்குன்னு சொன்னவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வரல. இப்ப அத்தனை பேரும் நேர்ல வந்து துக்கம் விசாரிக்கணும்கறாங்க!" ஆக, சம்பந்தி, "இரங்கல் பேட்ச்" என்று ஒன்று ஏற்பாடாகிவிட்டது. வருவார்களாம். அவரவர் குச்சியைச் சுற்றி நின்று மௌனமாக இருப்பார்களாம். பிறகு மனம் தேறி, அதே குழியில் புதுச் செடி நடுவார்களாம். உள்ளூர் மக்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் அல்லவா, அதனால் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தைக்கும் வேலையைத் தையல்கார அம்மாவுக்கே கொடுத்தார். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்து வாங்க வேண்டுமே. சாக்கைப் பிரித்து மிஷினை வெளியே எடுத்து, எங்கள் தெருவின் தண்ணீரைக் குடித்துச் செத்த குச்சிகளுக்காக அழப்போகிறவர்களுக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த மிஷின் சத்தத்தைக் கேட்கவே பிடிக்கவில்லை.

ஒன்றே ஒன்று நல்லது நடந்தது. ஊற்றுவதற்குச் செடி ஒன்றும் இல்லை என்பதால், புது நடவு வரைக்கும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டார்கள். காலைத் தண்ணீர் தெருக் குழாய்க்கு வந்தது. சம்பந்தி, அந்தச் சத்தம்! காலிக் குடத்தில் தண்ணீர் விழுகிற அந்தச் சத்தத்தைக் கேட்க ஜனங்கள் தூக்கக் கலக்கத்தோடு வாசலுக்கு வந்து நின்றார்கள். ரொட்டிக்கடையில் மறுபடி சூடான ரொட்டி. தையல்கார அம்மாவின் வீட்டுக்காரரை நான் போய்ப் பார்த்தேன். தலை வாரி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, "வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். உட்கார்ந்து வெகுநேரம் பேசிவிட்டு வந்தேன். வீடு காலி செய்வது பற்றி அவர்கள் இரண்டு பேருமே பேச்செடுக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். துக்கம் விசாரிக்க வருபவர்கள் வரட்டும், அழட்டும், அது அவர்கள் இஷ்டம். ஆனால் மறுபடியும் ஒரு செடியும் நடக் கூடாது. கொடுத்தே தீர வேண்டும் என்று கை அரித்தால் அந்தச் சாக்கடையை மூடிவிட்டுப் போகட்டும். இதைத் தாங்கள்தான் தங்கள் புதல்வரைக் கூப்பிட்டு, உரிய முறையில், காது வழியாகச் சொல்ல வேண்டும். அவரையே ஒருமுறை இங்கு வந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். செடிகளுக்கான பதில் எழுத்தர் பதவியிலிருந்து விலகும் என் ராஜினாமாவையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்களே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உயிரில்லாததை உயிரோடு இருப்பதாக இனி ஒரு வரி எழுத மாட்டேன். இந்த வயதில் ஒரு மனிதன் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாக ஆசைப்படுவது தப்பா?

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் மரியாதை கலந்த அன்பைச் சொல்லுங்கள். மாப்பிள்ளையும் என் மகளும் வம்சம் விளங்க, தலை நிமிர்ந்து, தண்ணீர்க் கஷ்டம் இல்லாத வீட்டில் வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் ஆசி ஆசிதான், அதில் நான் கைவைக்க மாட்டேன். தங்கள் முழங்காலுக்கு என் மனைவி எண்ணெய் அனுப்பியிருக்கிறாள். சூடாக்கித் தேய்க்க வேண்டுமாம்.

என்றும் தங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எண்ணெய் விஷயத்தைத் தவிர மற்ற எதையும் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். காலையில் இதை உறையிலிட்டுத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில் பொட்டல் பக்கம் திரும்பினேன். செல்லக்குட்டியின் அடியில் ஒரு துளிர் விட்டிருக்கிறது. விரல் நுனி அளவு. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சம்பந்தி, வேறு யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைத்தான் பார்த்தேன். ஒன்று உயிரோடு இருக்கிறது என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் அன்றைக்கே ரப்பர் குழாய் மறுபடி ஏறிவிடும். இரங்கல் பேட்ச் மாறி மறுபிறவிப் பேட்ச் வரும். நான் குனிந்து நிற்பதைப் பார்த்து, வாளியில் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்த தையல்கார அம்மா பின்னால் வந்து நின்றார். அவரும் பார்த்துவிட்டார். "பிடுங்கிப் போடுங்க சார்" என்றார். கையை நீட்டினேன், போகவில்லை. "நீங்களே பிடுங்கும்மா" என்றேன். அந்த அம்மா குனிந்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "சனியன், இப்பத்தான் வரணுமா உனக்கு?" என்று திட்டி, தன் வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி அதன் அடியில் விட்டார். பிறகு பொட்டலில் கிடந்த அந்தக் கைப்பிடி உடைந்த சிவப்பு வாளியை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவைத்தார். "செத்தது செத்ததாவே இருக்கட்டும் சார். காத்து போக வாளிக்கு அடியில ஒரு கல்லு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மாப்பிள்ளையின் காதைத் திருக வேண்டாம். திருகினால் ரோஷத்தில் நேரே இங்கு வந்து பொட்டலைச் சுற்றிப் பார்ப்பார். புது நடவு வரும்போது வரட்டும், அதுவரைக்குமாவது காலைத் தண்ணீர் தெருவில் ஓடட்டும். துளிர் விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும், ராஜினாமாவைக் கிழித்துப் போடுங்கள். இதுநாள்வரை செத்ததை உயிரோடு இருப்பதாக எழுதினேன். இனி உயிரோடு இருப்பதைச் செத்ததாக எழுத வேண்டும், அதற்கு இங்கே வேறு ஆள் கிடையாது. டீச்சரம்மாவும் இரங்கல் பேட்சில் வருகிறாராம். "கடைசி நேரத்தில் உனக்குத் தாகமாக இருந்ததா செல்லக்குட்டி?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. வந்து அந்த வாளிக்குப் பக்கத்தில் நின்று அழுவார். நானும் பக்கத்தில்தான் நிற்பேன், வாளியை யாரும் நகர்த்திவிடாமல். தையல்கார அம்மா தைத்த கைக்குட்டையை எடுத்து என் கையாலேயே அவருக்குக் கொடுக்க வேண்டும்.